நால்வர் கூடி ஆண்ட கற்பனை நாடு

இலக்கிய வட்டம் ஒன்றைத் தொடங்குவது எளிது. தொடர்ந்து நடத்துவதே அரிது. பத்தாண்டு நிறைவு காணும் இவ்வேளையில் இவ்வுண்மையை நம் உறுப்பினர்க்கு எடுத்துக்கூற வேண்டியதில்லை. கூட்டத்துக்கு வருவோர் தொகை ஏறும், இறங்கும். எழுதுவோரின் ஊக்கமும் அவ்வாறே. ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று ஒரே கதையைப் பலர் கூடி எழுதும் குழுவுக்கோ இவ்விடர் இன்னும் மிகுதி. ஒருவர் சோர்ந்தால் அவரோடு கதையின் ஒரு பகுதியும் சோர்ந்துவிடும். அத்தகைய குழு ஒன்று இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியில், ஹாவர்த் என்னும் சிற்றூரின் குருமனையில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இயங்கியது. உறுப்பினர் நால்வரே: சார்லட், பிரான்வெல், எமிலி, ஆன் என்னும் பிராண்டே உடன்பிறப்புகள்.

1821இல் தாயை இழந்த குடும்பம் அது. 1825இல் மூத்த சகோதரியர் இருவரும் அடுத்தடுத்து மறைந்தனர். மறு ஆண்டு, 1826 ஜூன் 5 அன்று, தந்தை பேட்ரிக் பிராண்டே லீட்ஸ் நகரிலிருந்து மகனுக்கென மரப் படைவீரர் பொம்மைகள் வாங்கி வந்தார். சார்லட்டுக்கு அப்போது பத்து வயது. கடைக்குட்டி ஆனுக்கு ஆறு. ஆளுக்கொரு வீரனைத் தேர்ந்தனர். சார்லட் தன் வீரனுக்கு வெலிங்டன் என்றும், பிரான்வெல் தன் வீரனுக்கு நெப்போலியன் என்றும் பெயரிட்டனர். எமிலி, ஆன் ஆகியோரின் வீரர்கள் பின்னர்ப் பனிக்கடல் பயணிகளான பாரி, ராஸ் ஆகியோரின் பெயர்களைப் பெற்றனர். மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் ‘கண்ணாடி நகரம்’ எழுந்தது. நால்வரும் அதைக் காக்கும் பூதங்களாயினர்.

விளையாட்டு எழுத்தாக மாறிய இடமே நமக்கு முக்கியம். 1829 ஜனவரியில் பிரான்வெல் பொம்மை வீரர்களுக்கென ஒரு சிற்றிதழ் தொடங்கினான். உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. அச்செழுத்துப் போன்ற நுண்ணிய கையெழுத்து. அவ்வாண்டு ஆகஸ்டில் ஆசிரியப் பொறுப்பைச் சார்லட் ஏற்றாள். அவன் விலகினும் இதழ் நிற்கவில்லை. பொறுப்பு கைமாறக்கூடியதாக இருந்ததே அதற்குக் காரணம். 1830ஆம் ஆண்டின் இதழ் ஒன்றைப் பிராண்டே அருங்காட்சியகம் 2019இல் பாரிஸ் ஏலத்தில் ஆறு இலட்சம் யூரோவுக்கு மீட்டது. குழந்தைகள் தமக்காகவே தைத்துக்கொண்ட ஏடு அது!

பூசல்களும் இருந்தன. பிரான்வெல் போர்களில் பாத்திரங்களைக் கொன்று குவிப்பான். பூதங்கள் அவர்களை உயிர்ப்பிக்கும். 1831இல் சார்லட் பள்ளிக்குச் சென்றபின் எமிலியும் ஆனும் பிரிந்து, வட பசிபிக் கடலில் காண்டல் என்னும் தனித்தீவைப் படைத்துக்கொண்டனர். பிளவு என்று வருந்தத் தோன்றும். எனினும் மூத்தோரின் கதையில் துணைநின்ற இளையோர் இருவரும் தமக்கென ஒரு நாட்டைப் பெற்றதனாலேயே தொடர்ந்து எழுதினர் எனலாம்.

மூத்தோர் இருவரும் 1834இல் அங்ரியா என்னும் புதிய அரசை நிறுவினர். 1835இல் சார்லட் ரோ ஹெட் பள்ளியில் ஆசிரியையானாள். பகலெல்லாம் பாடம், எழுத நேரமில்லை. அங்ரியாவை எண்ணியே அவள் உள்ளம் ஏங்கியது. அந்நாட்களில் வீட்டிலிருந்த தம்பி அங்ரியாவின் அரசி மேரி பெர்சியைச் சாகடிக்க முனைந்தான். தமக்கையோ தொலைவிலிருந்து, அவள் உண்மையிலேயே இறந்துவிட்டாளா, அடக்கமும் ஆகிவிட்டதா என்று குறிப்பேட்டில் தவித்தாள். கூடி எழுதுவோர் மட்டுமே உணரக்கூடிய துயர் இது. பின்னர் விடுமுறையில் வீடு வந்தவள் அரசியை உயிர்ப்பித்தே எழுதினாள். சினந்து விலகாமல், சினத்தையே அடுத்த அத்தியாயமாக்கினாள்.

ஊக்கத்தைக் கெடுக்கும் அறிவுரையும் வந்தது. அரசவைக் கவிஞர் ராபர்ட் சதே 1837இல் எழுதிய மடலில், இலக்கியம் பெண்ணின் வாழ்க்கைத் தொழிலாகாது என்று அவளுக்கு உரைத்தார். அவள் எழுதுவதை விடவில்லை. ஆனால் 1839 அளவில், பழகிய முகங்களைப் பிரிவது அரிதெனினும் மனத்துக்கு வேறு வானம் வேண்டும் என்ற கருத்தில் அங்ரியாவுக்குத் தானே விடை கூறினாள். பிரான்வெல் அவ்வாறு விடைபெறவில்லை. 1841இல் செய்தித்தாளில் கவிதை வெளியிட்டபோதும் நார்தாங்கர்லாந்து என்னும் அங்ரியப் பாத்திரத்தின் பெயரையே புனைபெயராகக் கொண்டான்.

காண்டலோ நீடித்தது. 1845 ஜூன் இறுதியில் எமிலியும் ஆனும் யார்க் நகருக்குச் சென்றனர். ஒருத்திக்கு இருபத்தாறு வயது, மற்றவளுக்கு இருபத்தைந்து. வழிநெடுகக் காண்டல் மாந்தராகவே நடித்து மகிழ்ந்தனர். அடுத்த மாத இறுதியில், தம் வழக்கப்படி, இருவரும் தனித்தனியே நாட்குறிப்பு எழுதினர். காண்டலார் என்றும்போல் ஒளியுடன் விளங்குகின்றனர் என்பது எமிலியின் மகிழ்ச்சி. அவர்கள் விளையாடுதற்கேற்ற நல்ல நிலையில் இல்லை. இனித் தேறுவார்களா என்பது ஆனின் ஐயம். ஒரே வீடு, ஒரே கதை, ஒரே பயணம். ஆயினும் ஒருத்தியின் சோர்வை மற்றவள் அறியவில்லை. இந்த இரு தாள்களையும் நடத்துநர் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தன் ஊக்கம் குன்றாததால் குழுவின் ஊக்கமும் குன்றவில்லை என்று கருதுவதே நம் பொதுவான பிழை. ஐயம் கொண்ட பின்னும் ஆன் காண்டலை உடனே கைவிடவில்லை; தோழமைக்காகவும் ஒருவர் எழுதுவார் போலும்.

அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் எமிலியின் கவிதை ஏடு சார்லட்டின் கண்ணில் பட்டது. கேளாமல் படித்ததற்கு எமிலி சினந்தாள், பின்னர் இசைந்தாள். 1846இல் மூவரின் கவிதைகளும் புனைபெயர்களில் நூலாயின. காண்டல் பெயர்கள் நீக்கப்பட்டன. பதினைந்தாண்டுகளுக்கு முன் இறந்த காதலனுக்காகக் காண்டல் தலைவி புலம்பும் பாட்டை, அந்நாட்டை அறியாத வாசகரும் தம் துயராகவே கொள்ள இயன்றது. ஓராண்டில் விற்றவை இரண்டே படிகள். மறு ஆண்டே, 1847இல், ‘ஜேன் அயர்’, ‘உதரிங் ஹைட்ஸ்’, ‘ஆக்னஸ் கிரே’ ஆகிய மூன்று புதினங்களும் வெளிவந்தன.

1848இல் பிரான்வெல்லும் எமிலியும், 1849இல் ஆனும் மறைந்தனர். காண்டலின் உரைநடைக் கதைகள் முழுதும் அழிந்தன. ஆனால் அக்கதைக்குள் பயின்ற கை அழியவில்லை.

அவர்களுக்குப் புறத்தே வாசகர் இல்லை, பரிசு இல்லை, புகழ் இல்லை. அடுத்த பக்கத்துக்காகக் காத்திருக்கும் ஓர் உடன்பிறப்பு இருந்தது. பொறுப்பை மாற்றிக்கொண்டனர், பிரிந்து செல்ல இடம் தந்தனர், பூசலைக் கதையாக்கினர். எமிலியும் ஆனும் தத்தம் தாளில் எழுதியதை முகம் பார்த்துப் பேசினரா என்பதற்குச் சான்றில்லை. நம் வட்டத்தில் பேசுவோம். சோர்ந்தவர் சோர்ந்தேன் என்று சொல்லவும், விடைபெறுபவர் சார்லட்டைப் போல நன்றியுடன் விடைபெறவும் இடமிருக்குமாயின், இருபதாம் ஆண்டு மலரும் மலரும்.