கப்பல் உடைந்த கதை

கதை எழுதிப் பிழைக்கிறவன் நான். நல்ல கதையைக் கேட்டால் பொறாமை வந்துவிடும். கரீபியக் கடலிலுள்ள கேமன் தீவுக்காரர்கள் அப்படியொரு கதை வைத்திருக்கிறார்கள். 1794-ம் வருஷம் பிப்ரவரியில் ஓர் இரவு, 10 கப்பல்கள் அங்கே பாறையில் மோதி உடைந்தன. தீவு ஜனங்கள் ஓடங்களில் சென்று மாலுமிகளைக் கரை சேர்த்தார்கள். மனம் குளிர்ந்த மூன்றாம் ஜார்ஜ் மன்னர், அவர்களுக்கு என்றென்றும் வரியே கிடையாது என்று வரம் கொடுத்தாராம்.

கப்பல்கள் உடைந்தது சரித்திரம். வரத்துக்கோ ஓலையுமில்லை, முத்திரையுமில்லை. வருமான வரியில்லாத அந்தத் தீவைப் பிறர் பணத்துக்குப் பெட்டகமாக்கியவை 1960-ல் வந்த கம்பெனிச் சட்டமும் 1966-ல் வந்த பாங்குச் சட்டமுந்தான். அங்கே ஒரே கட்டடத்தின் விலாசத்தில் 18,857 ஸ்தாபனங்கள் பதிவாகியிருந்ததை 2008-ல் அமெரிக்கத் தணிக்கையாளர்கள் எழுதி வைத்தார்கள்.

நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. 2007-ல் நம் நாட்டு டெலிபோன் வியாபாரமொன்று கைமாறியது. விற்றதோ கேமன் கம்பெனியின் ஒரே ஒரு பங்கு. சர்க்கார் 11,000 கோடி ரூபாய்க்கு மேல் வரி கேட்டது. சட்டப்படி அதைக் கேட்க முடியாது என்று 2012-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. அதே வருஷம் பார்லிமெண்டு சட்டத்தைத் திருத்தியது. 2021-ல் அதையும் கைவிட்டது.

எங்கள் தெருக் கிழவி தீப்பெட்டி வாங்கும்போது வரியும் சேர்த்தே கொடுக்கிறாள். அவளுக்கு ஏது தீவு?