கார் ஷெட்டில் ஒரு கிணற்றுக் கயிறு

புதுக்கோட்டைக்கு வரலாறு எழுதியவர்கள் கொஞ்சம் பேர் அல்ல. 1916இல் ராதாகிருஷ்ண அய்யர் எழுதினார். பிறகு வெங்கடராம அய்யரின் சமஸ்தான மானுவல் தொகுதி தொகுதியாக வந்தது. சமஸ்தானம் 1948 மார்ச் 3இல் இந்தியாவோடு இணைந்து, 1974இல் தனி மாவட்டமாகி, 1987இல் நிக்கலஸ் டர்க்ஸ் என்ற அமெரிக்கர் தொண்டைமான்களின் அரசை வைத்தே சாதி பற்றி ஒரு பெரிய புத்தகம் போட்டார். அரசர்கள், கோயில்கள், இனாம்கள் எல்லாம் இவற்றில் உண்டு. வண்டி கழுவியவனை நான் பார்த்ததில்லை.

என் அப்பா வண்டி கழுவியவர். திருமயம் பக்கம் ஒரு பெரிய வீட்டில், எழுபதுகளில். மாட்டு வண்டிக் கொட்டகையைத்தான் கார் ஷெட் ஆக்கியிருந்தார்கள். அதில் ஒரு வெள்ளை அம்பாசிடர். எங்கள் பக்கத்துச் செம்மண் மட்கார்டுக்கு அடியில் போய் அப்பிக்கொண்டால் லேசில் வராது. முதலில் தண்ணீர் ஊற்றி ஊறவிடுவார். காய்ந்த தூசியைத் துணியால் துடைத்தால் பெயிண்டில் கீறல் விழும் என்பார். மேற்கூரை, பானெட், கதவு, கடைசியாகச் சக்கரம். சக்கரத்துக்குத் தனித் துணி. வெயிலில் கழுவவே மாட்டார், சொட்டு காய்ந்து தடம் விழும். அதைவிடப் பெரிய பாடு தரை. அம்பாசிடர் எண்ணெய் சொட்டும் வண்டி. மரத்தூளைக் கொட்டி ராத்திரி முழுக்க விட்டு, விடிந்ததும் கூட்டித் தள்ளி, சோடா உப்புப் போட்டுத் தென்னை விளக்குமாற்றால் தேய்ப்பார். சிமெண்டுத் தரை பளிச்சென்று இருக்கும். அவ்வளவு அக்கறை ஏன் என்று எனக்கு வெகு நாள் கழித்துத்தான் உறைத்தது. மத்தியானம் அவர் சாப்பிட்டுப் படுப்பது அந்தத் தரையில்தான்.

தண்ணீர் அந்த வீட்டுக் கிணற்றிலிருந்து. கயிற்றை அவர் தொடக்கூடாது. இன்னொரு வேலையாள் இறைத்து வாளியில் ஊற்ற வேண்டும். மூன்று வாளி. ஆனால் முதலாளி உட்காரும் சீட்டை அவர் தொடலாம், ஸ்டியரிங்கைத் தொடலாம், கதவுப் பிடியைத் தொடலாம். தீட்டு என்பது தொடுதலின் விதி என்றால் இது எப்படி? சாதியைத் தூய்மை/தீட்டு என்பதாக மட்டும் பார்க்கக்கூடாது, அரசதிகாரமும் மரியாதைகளும் சேர்ந்தே அதைக் கட்டின என்று டூமோனை மறுத்து டர்க்ஸ் சொல்வது இங்கே பொருந்துகிறது. உழைப்பு தேவைப்படும் இடத்தில் தீட்டு கண்டுகொள்ளப்படுவதில்லை. ஆனால் பாதிதான் பொருந்துகிறது. இனாமும் பரிவட்டமும் போன பிறகும் கயிறு போகவில்லையே. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கிடந்தது. யார் செய்தது என்பதில் குற்றப்பத்திரிகைக்குப் பிறகும் சர்ச்சை ஓயவில்லை. அது ஒருபுறம். விசாரிக்கப் போன ஆட்சியர் அந்தப் பக்கத்து டீக்கடையில் கண்டது இரட்டைக் குவளை. அதில் சர்ச்சைக்கு என்ன இருக்கிறது?

சட்டம் அப்பாவைப் பார்த்ததா என்றால், பார்க்காமல் பார்த்தது. 1961இல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 'கிளீனர்' என்ற சொல்லையே எழுதித் தொழிலாளியாகச் சேர்த்தது. ஆனால் ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களுக்கு. ஒரு வீடு, ஒரு கார், ஒரு ஆள் என்றால் அது வேலையல்ல, விசுவாசம். ஆயுத பூஜைக்கு ஒரு வேட்டி, பொரி. காருக்குச் சந்தனம்.

1991இல் அறிவொளி வந்தது. ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்தார். கல் உடைக்கும் பெண்கள், கூலிப் பெண்கள் எல்லாம் பள்ளி மைதானங்களில் விழுந்து எழுந்து ஓட்டக் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஆண்கள் சைக்கிளை வாங்கி, பாரில் பிள்ளையை வைத்துக்கொண்டு போனார்கள். பி. சாய்நாத் இதை விரிவாக எழுதியிருக்கிறார். நாம் எல்லோரும் கொண்டாடினோம். நான் தெருத்தெருவாகக் கூவினேன்.

என் அம்மாவும் கற்றார். பழைய சைக்கிள் ஒன்று வந்தது. அதை ஞாயிற்றுக்கிழமை அவரே கழுவுவார், பாத்திரம் கழுவிய தண்ணீரில். அப்பா திண்ணையில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருப்பார்: "ஏ புள்ள, மட்கார்டுக்கு அடியில பாரு, மண்ணு நிக்குது." இறங்கி வந்து ஒரு நாளும் துணியைத் தொட்டதில்லை. தண்ணீர் தூக்கி வந்தது தங்கச்சி. நான் உள்ளே அறிவொளிக் கூட்டத்துக்குப் பேச்சு எழுதிக்கொண்டிருந்தேன்.