மேல்வகுப்புக்கு முன் ஒரு மீள்பார்வை: கெடா தோட்டப் பள்ளிகளில் கணக்கு



ஆண்டிறுதி வந்துவிட்டால் பெற்றோர் பள்ளிக்கு வந்து கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "சார், பையன் அடுத்த வகுப்புக்குப் போய்விடுவான் அல்லவா?" போய்விடுவான், அதில் ஐயமே வேண்டியதில்லை. நம் நாட்டில் ஒரு வகுப்பிலேயே மாணவனை நிறுத்தி வைக்கும் வழக்கம் போய்ப் பல்லாண்டுகள் ஆகின்றன. ஆனால் அவன் படித்த கணக்கு அவனோடு மேலே செல்கிறதா என்று கேட்பவர் அரிதாகவே இருக்கின்றனர். மேல்வகுப்புக்குப் போகுமுன் பழைய கணக்கைத் திரும்பப் பார்ப்பது நம்மவருக்குப் புதிதன்று. அதற்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. இன்று அதைச் சற்றுப் பார்ப்போம்.

தமிழகத்துத் திண்ணைப் பள்ளிகளில் மீள்பார்வைக்கென்று தனிக் காலம் ஒதுக்கியதில்லை; அது அன்றாட வேலையாகவே இருந்தது. பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகினர். எண்சுவடியை உரத்த குரலில் சேர்ந்து ஒப்பித்தனர். நேற்றுப் படித்ததைச் சொல்லாமல் இன்றைய பாடத்துக்குப் போக முடியாது. பெரிய மாணவனான சட்டாம்பிள்ளை, சிறியவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தான். 1789-இல் சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் இல்லமொன்றின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் இம்முறையைக் கண்டு வியந்து, தம் இல்லத்திலும் நடத்திப் பார்த்து, 1797-இல் இலண்டனில் அதுபற்றி நூல் வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. நம் திண்ணையில் இருந்து போனதென்று நாம் பெருமைப்படலாம். ஆனால் மனப்பாடத்தோடு பிரம்பும் சேர்ந்தே இருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

அந்த எண்சுவடியில் பின்னக் கணக்கு எவ்வளவு வளமாக இருந்தது தெரியுமா? கால், அரை, முக்கால் மட்டுமல்ல. எட்டில் ஒன்று அரைக்கால். பதினாறில் ஒன்று மாகாணி. இருபதில் ஒன்று மா. எண்பதில் ஒன்று காணி. முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி. காலையும் ஐந்தில் ஒன்றையும் கூட்டு என்றால் இன்றைய மாணவன் தாளும் பென்சிலும் தேடுவான். அன்றைய சிறுவனோ, கால் என்பது ஐந்து மா, ஐந்தில் ஒன்று என்பது நாலு மா, ஆக ஒன்பது மா என்று சொல்லிவிடுவான். இருபதில் ஒன்பது பங்கு. பகுதிகளைச் சமமாக்கிக் கூட்டுவது என்று நாம் கரும்பலகையில் எழுதும் அதே வேலைதான். அவன் அதற்கு ஒவ்வோர் அளவுக்கும் ஒரு பெயர் வைத்திருந்தான்.

இதில் ஒரு குறையும் உண்டு. 320 என்ற எண் மூன்றால் வகுபடாது. ஆகவே மூன்றில் ஒரு பங்குக்கு அந்த வரிசையில் இடமில்லை. கடல் கடந்து இங்கு வந்தபோது நம்மவர் எதிர்கொண்ட அளவு எது? கட்டி! ஒரு கட்டி என்பது ஒன்றே மூன்றில் ஒரு பவுண்டு; நூறு கட்டி ஒரு பிக்குள், அதாவது 133⅓ பவுண்டு. கெடாவின் நெல் வயல்களிலோ கந்தாங்கும் நாலேயும் குஞ்சாவும் வழங்கின. பதினாறு கந்தாங் ஒரு நாலே, பத்து நாலே ஒரு குஞ்சா. நாழியும் குறுணியும் பழகிய கை, புதிய அளவுகளுக்கு மாற வேண்டியிருந்தது.

மலாயாவில் தமிழ்க் கல்வியின் தொடக்கம் 1816-இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் அமைந்த தமிழ் வகுப்பு என்பர். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி அமைக்க வேண்டுமென்று விதித்தது. அது கூட்டு மலாய் மாநிலங்களுக்கான சட்டம்; கெடா அதில் சேராத மாநிலம். எனினும் இங்கும் பீடோங், சுங்கைப் பட்டாணி, கூலிம் வட்டாரத் தோட்டங்களில் பள்ளிகள் எழுந்தன. பெரும்பாலும் ஒரே கொட்டகை, ஓர் ஆசிரியர், பல வகுப்புகள். அங்கே சட்டாம்பிள்ளை முறை தானாகவே திரும்பி வந்தது. வேறு வழியும் இல்லை. மேலே படிக்க இடமில்லாததால் மேல்வகுப்புக்கான ஆயத்தம் என்ற பேச்சும் பெரிதாக எழவில்லை.

அந்தப் பேச்சு எழுந்தது 1960-களில்தான். இடைநிலைப் பள்ளி நுழைவுத் தேர்வு 1964-ஓடு நின்றது. 1965 முதல் ஆறாம் ஆண்டு முடித்த பிள்ளைகள் எல்லாரும் இடைநிலைப் பள்ளிக்குச் செல்லலாம் என்றாயிற்று. தோட்டத்துப் பிள்ளைக்கு இது பெரிய கதவு. ஆனால் தேர்வு தடுத்து நிறுத்திய காலத்தில் வெளியே தெரிந்த குறைகள், இப்போது பிள்ளையோடு சேர்ந்து மேலே ஏறின. தமிழ், சீனப் பள்ளி மாணவர்களுக்குப் படிவம் ஒன்றுக்கு முன்னர் புகுமுக வகுப்பு இருந்தது. மக்கள் வாயில் அது 'ரிமூவ் கிளாஸ்'. அதன் நோக்கம் மொழிப் பயிற்சி. அது தேவையானதே. ஆயினும் மீள்பார்வைக்கென்று கையில் கிடைத்த ஓர் ஆண்டில் கணக்கு பின்வரிசையில் உட்கார்ந்தது என்பது என் கருத்து. ஓராண்டு கை படாத பின்னம் துருப்பிடிக்காதா?

மொழியும் மாறிக்கொண்டே இருந்தது. 1970-இல் ஆங்கிலப் பள்ளிகளின் முதலாம் வகுப்பில் தொடங்கிய மாற்றம், 1976-இல் படிவம் ஒன்றை எட்டி, இடைநிலைப் பள்ளி மலாய்மொழிக்கு வந்தது. 2003-இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் என்றனர். 2012-இலிருந்து படிப்படியாக அதைக் கைவிட்டனர். 2016 முதல் சில பள்ளிகளில் இருமொழித் திட்டம். விளைவு என்னவென்றால், 'பின்னம்' நன்றாகத் தெரிந்த மாணவி 'பெச்சாஹான்' என்ற சொல்லைக் கேட்டதும் புதிய பாடம் என்று மிரள்கிறாள். தசமம் அங்கே பெர்புலுஹான், விழுக்காடு பெராத்துஸ். அவளுக்குக் கணக்கு வராமலில்லை. கணக்கின் பெயர்தான் தெரியவில்லை. இதைப் பிரித்தறியாமல் 'மந்தம்' என்று முத்திரை குத்துவது எளிது.

அளவுகளும் மாறின. 1972-ஆம் ஆண்டு நிறுத்தல் அளத்தல் சட்டத்துக்குப் பின் கட்டியும் பவுண்டும் மெல்ல விலக, கிலோகிராம் வந்தது. அதனால் பின்னம் வீட்டிலிருந்து வெளியேறித் தசமம் உள்ளே வந்தது. தோட்டத்தில் இதற்கு நேரடிப் பொருள் உண்டு. பால்மரம் வெட்டுபவர் கொண்டுவரும் பாலை நிறுத்து, மெட்ரோலாக் கருவியை அதில் மிதக்கவிட்டு, உலர்ந்த ரப்பர் எத்தனை விழுக்காடு என்று பார்ப்பார்கள். 28 கிலோ பால், 35 விழுக்காடு என்றால் உலர் ரப்பர் 9.8 கிலோ. அம்மாவின் சம்பளச் சீட்டில் 9.8 என்றும் மறுநாள் 9.75 என்றும் இருந்தால், எந்த நாள் அதிகம்? ஆறாம் ஆண்டு முடித்த பிள்ளைகளில் சிலர் தயங்காமல் 9.75 என்பார்கள், 75 என்பது 8-ஐவிடப் பெரிதல்லவா! கிராணியார் எழுதியதை வீட்டில் சரிபார்க்கக் கூடிய ஒரே ஆள் அந்தப் பிள்ளையாக இருந்த குடும்பங்கள் பல. இன்று பல ரப்பர்த் தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறிவிட்டன. 1996-இல் தொடங்கிய கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவில் வேலை தேடும் பிள்ளைக்கும் தசமப் புள்ளி அதேதான்.

1983-இல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த புதிய தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டம் குறைநீக்கல் போதனையை வகுப்பறைக்குள் கொண்டுவந்தது. எந்தப் படியில் பிள்ளை தவறியதோ அந்தப் படிக்கே திரும்பிப் போ என்பது அதன் சாரம். நல்ல கொள்கை, ஆனால் 1988-இல் வந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வு, மீள்பார்வை என்றாலே பழைய வினாத்தாள் என்றாக்கிவிட்டது. அந்தத் தேர்வு 2021-இல் கைவிடப்பட்டது. படிவம் மூன்றின் பிடி3 2022-இல் கைவிடப்பட்டது. வினாத்தாள் குவியல் குறைந்தது பற்றி எனக்கு வருத்தமில்லை. ஆனால் பிள்ளை எங்கே தவறுகிறது என்பதை இனி நாமே தேடிப் பார்க்க வேண்டும்.

விடுமுறையில் இரண்டு வாரம், நாளுக்கு அரைமணி நேரம் போதும். பாடநூலை முதற்பக்கத்திலிருந்து புரட்ட வேண்டாம். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொல்லுங்கள். பிள்ளை ஐந்தில் இரண்டு என்று எழுதினால் உடனே அடித்துத் திருத்தாதீர்கள். "ஐந்தில் இரண்டு, அரையைவிடப் பெரிதா சிறிதா?" என்று கேளுங்கள். சிறிதுதான். அரையோடு ஒன்றைச் சேர்த்தபின் அரையைவிடக் குறையுமா என்று அதுவே யோசிக்கட்டும். பிறகு ஒரு ரொட்டியை ஆறு துண்டாக்குங்கள். மூன்று துண்டும் இரண்டு துண்டும் ஐந்து துண்டு, ஆறில் ஐந்து. அடுத்து 9.8-ஐ 9.80 என்று எழுதி 9.75-இன் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். வாய்ப்பாடு தடுமாறினால் அதைத் தனியாக, அக்காளோ அண்ணனோ கேட்கட்டும். படிவம் இரண்டில் இருக்கும் அண்ணனுக்கும் அது மீள்பார்வையே.

கூடவே ஒரு சிறிய குறிப்பேடு வேண்டும். பக்கத்தை நடுவில் கோடிட்டு, இடப்பக்கம் தமிழ்ச் சொல்லும் வலப்பக்கம் மலாய்ச் சொல்லும் பிள்ளையே எழுதட்டும். பின்னம், பெச்சாஹான் என்று முதல் வரியைத் தொடங்கலாம்.