கிளியோபாட்ரா: ஒரு கல்தூணுக்காகக் கட்டப்பட்ட கப்பல்

கிளியோபாட்ரா என்பது எகிப்தின் அலெக்சாந்திரியாவிலிருந்து லண்டனுக்கு ஒரே ஒரு கல்தூணைக் கொண்டுசெல்வதற்காக 1877-இல் கட்டப்பட்ட இரும்புக் கலம் ஆகும். எண்ணெய்த் துரப்பண மேடைகளையும் பழுதான போர்க்கப்பல்களையும் முதுகில் சுமந்து செல்லும் இன்றைய கனரகச் சரக்குக் கப்பல்களின் முன்னோடிகளுள் ஒன்றாக இதைக் கொள்ளலாம். இதற்கு எஞ்சின் கிடையாது. வேறொரு நீராவிக் கப்பல்தான் இழுத்துச் செல்ல வேண்டும்.

பின்னணி

'கிளியோபாட்ராவின் ஊசி' என்பது இத்தூணின் பட்டப்பெயர். உண்மையில் அது அந்த அரசிக்கு ஏறத்தாழ 1400 ஆண்டுகளுக்கு முன்பே மூன்றாம் துத்மோஸ் மன்னன் எழுப்பியது. 21 மீட்டர் நீளமுள்ள ஒற்றைக்கல். எடை இருநூறு டன்னை ஒட்டியது. எகிப்தின் ஆட்சியாளர் முகமது அலி 1819-இல் இதை பிரிட்டனுக்குப் பரிசாக அளித்தார். ஆனால் எடுத்துவரும் செலவை அரசு ஏற்கவில்லை. இலவசமாகக் கிடைத்த கல் ஐம்பத்தெட்டு ஆண்டுகள் அங்கேயே கிடந்தது. கடைசியில் தோல்நோய் மருத்துவர் எராஸ்மஸ் வில்சன் 10,000 பவுண்டு தர முன்வந்தார்.

கலமும் பயணமும்

பொறியாளர் ஜான் டிக்சனின் யோசனை எளிமையானது: கல்லைத் தூக்கிக் கப்பலில் ஏற்றுவதற்குப் பதிலாக, கல் கிடக்கும் இடத்திலேயே அதைச் சுற்றிக் கப்பலைக் கட்டிவிடுவது. இங்கிலாந்தில் செய்த இரும்புத் தகடுகளைக் கொண்டுபோய், 28 மீட்டர் நீளமும் ஏறத்தாழ 5 மீட்டர் விட்டமும் உடைய உருளையாகத் தூணைச் சுற்றிப் பொருத்தினர். பிறகு உருளையை அப்படியே கடலுக்குள் உருட்டினர். அடியில் கிடந்த பாறை ஒன்று தகட்டைக் கிழிக்க, அதை அடைத்த பிறகே மிதக்கவிட முடிந்தது. உருளை அலையில் புரளாதிருக்கப் பக்கப் பட்டைகள் வைத்து, இரும்புத் தண்டவாளங்களை அடிப்பாரமாக அடுக்கினர்.

1877 செப்டம்பர் 21 அன்று ஓல்கா என்ற கப்பல் இதை இழுத்துக்கொண்டு புறப்பட்டது. அக்டோபர் 14 அன்று பிஸ்கே விரிகுடாவில் புயல். தண்டவாளங்கள் இடம் பெயர்ந்து கலம் ஒருபக்கமாகச் சாய்ந்தது. பெருஞ்சரக்கு ஏற்றுவோர் இன்றும் அஞ்சுவது இதற்குத்தான். எடையைவிட, நடுக்கடலில் அந்த எடை நகர்வதே ஆபத்து. கிளியோபாட்ராவில் இருந்தவர்களை மீட்க ஓல்காவிலிருந்து ஆறு மாலுமிகள் தாமாக முன்வந்து படகில் இறங்கினர். படகு கவிழ்ந்து ஆறு பேரும் மாண்டனர். பின்னர் கேப்டன் கார்ட்டரும் அவருடைய ஆட்களும் ஓல்காவில் ஏற்றப்பட்டு உயிர்தப்பினர்.

மூழ்கிவிடும் எனக் கைவிடப்பட்ட கலமோ மூழ்கவில்லை. ஃபிட்ஸ்மாரிஸ் என்ற கப்பல் அதைக் கண்டு ஸ்பெயினின் ஃபெரோல் துறைமுகத்தில் சேர்த்தது. மீட்புக்கூலியாகக் கேட்டது 5,000 பவுண்டு. நீதிமன்றத்தில் முடிவானது 2,000. ஆங்கிலியா என்ற இழுவைக்கப்பல் 1878 ஜனவரியில் அதைத் தேம்ஸ் ஆற்றுக்குக் கொண்டுவந்தது. செப்டம்பர் 12 அன்று ஆற்றங்கரையில் தூண் நிறுத்தப்பட்டது. அதன் பீடத்தில் இறந்த ஆறு மாலுமிகளின் பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன.

பிற தூண்கள்

பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் தூணை லுக்சோர் என்ற தட்டையடிக் கப்பலில், முகப்பை அறுத்துத் திறந்து ஏற்றினர். அது 1836-இல் பாரிசில் நிறுத்தப்பட்டது. லண்டன் தூணின் இணைத்தூணை அமெரிக்கக் கடற்படை அதிகாரி கோரிஞ்ச் 1880-இல் அதே பாணியில், தெசூக் என்ற நீராவிக் கப்பலின் முன்பகுதியில் துளையிட்டு உள்ளே செலுத்தினார். இழுவைக் கயிற்றை நம்பாமல் சரக்கைக் கப்பலின் வயிற்றுக்குள்ளேயே வைத்தது கூடுதல் பாதுகாப்பான வழி. 1881 ஜனவரி 22 அன்று அத்தூண் நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவில் எழுந்தது.