அழிக்கப்பட்ட விருப்புரிமை: 200-வது பிரிவின் வரைவுகளும் 2025-இன் இரு வாசிப்புகளும்

ஒரே ஆண்டில், ஒரே பிரிவைப் பற்றி, உச்ச நீதிமன்றம் இரண்டு விதமாகப் பேசியிருக்கிறது. 2025 ஏப்ரல் 8 அன்று தமிழ்நாடு அரசு தொடுத்த வழக்கில் நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலாவும் ஆர். மகாதேவனும், சட்டப்பேரவை நிறைவேற்றி அனுப்பும் மசோதாவைக் கையாளும்போது, சில விதிவிலக்குகள் நீங்கலாக, ஆளுநர் அமைச்சரவையின் ஆலோசனைக்குக் கட்டுப்பட்டவர் என்றனர். நவம்பர் 20 அன்று தலைமை நீதிபதி பி.ஆர். கவாய் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு, குடியரசுத் தலைவர் 143-வது பிரிவின்கீழ் அனுப்பிய 14 கேள்விகளுக்குக் கருத்துரை வழங்கியது. ஒப்புதல் தருவதா, பேரவைக்குத் திருப்பி அனுப்புவதா, குடியரசுத் தலைவருக்காக ஒதுக்கிவைப்பதா என்று தேர்வதில் ஆளுநருக்கு விருப்புரிமை உண்டு, அதில் அமைச்சரவையின் ஆலோசனை அவரைக் கட்டுப்படுத்தாது என்பது அந்தக் கருத்துரையின் முடிவு.

காலக்கெடு, ‘ஒப்புதல் கிடைத்ததாகக் கருதுதல்’ ஆகியவற்றைப் பற்றித்தான் பொதுவெளியில் அதிகம் விவாதம் நடந்தது. இக்கட்டுரை காலக்கெடுவை மட்டும் சுருக்கமாகத் தொட்டுவிட்டு, விருப்புரிமை என்ற ஒன்றையே தொடர்கிறது. நவம்பர் கருத்துரையின் மற்ற முடிவுகள் எப்படியிருந்தாலும், மசோதாவைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் ஆளுநரின் சொந்த விருப்புரிமை என்ற வாசிப்பு, அந்தப் பிரிவு உருவான வரலாற்றோடு பொருந்தவில்லை என்பதே இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

தொடக்கம் 1935-ஆம் ஆண்டு இந்திய அரசாங்கச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு. மாகாண ஆளுநர் ‘தம் விருப்புரிமைப்படி’ ஒப்புதல் தரலாம், மறுக்கலாம், கவர்னர் ஜெனரலுக்காக ஒதுக்கிவைக்கலாம் என்றது அதன் தாய்ப்பகுதி. மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பலாம் என்ற வரம்புரையிலும் அதே சொற்கள் இருந்தன. சட்டம் இயற்றியவர்கள் இரண்டு இடத்திலும் மெனக்கெட்டு அவற்றை எழுதியிருந்தார்கள். மக்கள் தேர்ந்தெடுத்த மாகாண அமைச்சரவைக்கு மேலே லண்டனின் பிடி இருக்க வேண்டும் என்பதே அன்றைய ஏற்பாடு. விடுதலையோடு அது முடிந்தது. 1947-இன் தற்காலிக அரசமைப்பு ஆணை, அந்தச் சட்டத்தில் ‘தம் விருப்புரிமைப்படி’ என்று வந்த இடங்களிலெல்லாம் அந்தச் சொற்களை நீக்கிவிட்டது. ஆகவே 1947 ஆகஸ்ட் 15 முதல் சென்னை மாகாண ஆளுநர் உட்பட எவரும் மசோதா விஷயத்தில் எழுதப்பட்ட விருப்புரிமை உள்ளவராக இல்லை.

இங்கேதான் கவனமாகப் பார்க்க வேண்டிய பாடவேறுபாடு வருகிறது. 1948 பிப்ரவரியில் வரைவுக் குழு அளித்த அரசமைப்பு வரைவில் இன்றைய 200-வது பிரிவு 175-வது பிரிவாக இருந்தது. அதன் தாய்ப்பகுதியில் விருப்புரிமை இல்லை: ஆளுநர் ஒப்புதல் தருவதாகவோ, நிறுத்திவைப்பதாகவோ, ஒதுக்கிவைப்பதாகவோ அறிவிப்பார் என்று மட்டும் இருந்தது. ஆனால் வரம்புரையில் அந்தச் சொற்கள் திரும்பவும் தலைகாட்டின. ஒரே ஒரு அவை உள்ள மாநிலத்தில், அந்த அவை நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் ‘தம் விருப்புரிமைப்படி’ திருப்பி அனுப்பலாம். மீண்டும் நிறைவேறி வந்தால் ஒப்புதலை நிறுத்திவைக்கக் கூடாது.

விருப்புரிமை நீக்கப்பட்ட கதை பெரும்பாலும் 1935-இல் இருந்தது, 1950-இல் இல்லை என்று ஒரே தாவலாகச் சொல்லப்படுகிறது. ஏப்ரல் தீர்ப்பும் 75-ஆம் பிரிவையும் 200-வது பிரிவையும் எதிரெதிரே வைத்து, நீக்கத்தை அரசமைப்பை உருவாக்கியவர்களின் நோக்கத்துக்குச் சான்றாகக் கொண்டது. அது சரியான சான்றுதான். ஆனால் 1948 வரைவு நடுவில் நிற்பதால் சான்று இன்னும் வலுவாகிறது. தாய்ப்பகுதியில் விருப்புரிமை வேண்டாம், வரம்புரையில் வேண்டும் என்று ஒரே பிரிவுக்குள் பிரித்து எழுதிய குழு, அந்தச் சொற்கள் இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வித்தியாசத்தை நன்கு அறிந்தே எழுதியது. பிற்பாடு அவை வெறும் அலங்காரமாகக் கருதப்பட்டு நீக்கப்பட்டன என்று எவரும் வாதிட இந்த வரைவு இடம் தராது.

1948-இல் ஏன் திரும்பச் சேர்த்தார்கள்? அரசியல் நிர்ணய சபை விவாதம் இதற்கு நேரடியான பதில் தரவில்லை. இரண்டு காரணங்களை ஊகிக்கலாம். ஒன்று, வரம்புரை ஓரவை மாநிலங்களுக்கு மட்டுமானது. மேலவையின் மறுபார்வை இல்லாத இடத்தில் ஆளுநர் அந்த வேலையைச் செய்யட்டும் என்று குழு எண்ணியிருக்கலாம். மற்றொன்று இன்னும் முக்கியமானது. 1948 வரைவு ஆளுநரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் வழியையும் ஒரு மாற்றாக வைத்திருந்தது. வாக்குப் பெற்று வரும் ஆளுநருக்கு ஒரு துளி விருப்புரிமை கொடுப்பது வேறு; டெல்லி நியமிக்கும் ஆளுநருக்குக் கொடுப்பது வேறு. 1949 மே மாத இறுதியில் அரசியல் நிர்ணய சபை தேர்தலைக் கைவிட்டு நியமனத்தை ஏற்றது. இரண்டு மாதத்தில் வரம்புரையிலிருந்த விருப்புரிமையும் போயிற்று. முன்னது பின்னதற்குக் காரணம் என்று எந்த உறுப்பினரும் சொன்னதாகக் காட்ட முடியாது. ஆனாலும் இந்தக் கால வரிசையைத் தற்செயல் என்று ஒதுக்குவது கடினம். நியமன ஆளுநர் என்றான பிறகு சபை பல இடங்களில் அவர் கையைக் குறுக்கியது.

175-வது பிரிவு விவாதம் 1949 ஆகஸ்ட் முதல் தேதியை ஒட்டிய அமர்வுகளில் நடந்தது. பழைய வரம்புரைக்குப் பதிலாகப் புதியது ஒன்றை அம்பேத்கர் முன்மொழிந்தார். பண மசோதாவுக்கு இது பொருந்தாது. ஈரவை மாநிலங்களுக்கும் பொருந்தும். விருப்புரிமைச் சொற்கள் இல்லை. மூன்றாவது மாற்றத்துக்கு அவர் தந்த விளக்கம் ஒளிவுமறைவற்றது: பொறுப்பாட்சியில் ஆளுநர் தம் விருப்புரிமைப்படி நடக்க இடமில்லை, ஆகவே அந்தச் சொற்கள் எடுக்கப்படுகின்றன.

அதே விவாதத்தில் வரைவுக் குழு உறுப்பினர், சென்னையைச் சேர்ந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி பேசியது அம்பேத்கரின் வரிகளைவிட அதிகப் பயன் தருகிறது. ஆளுநருக்கு இனி எந்த விருப்புரிமையும் இல்லை, அவர் மசோதாவைத் திருப்பி அனுப்பினால் அமைச்சரவையின் ஆலோசனைப்படியே அனுப்புகிறார் என்று அவர் விளக்கினார். அதோடு நிற்காமல், அமைச்சரவை எப்போது அப்படிச் சொல்லும் என்பதையும் எடுத்துக்காட்டினார். மேலவை ஏற்றுக்கொண்ட ஓர் அம்சத்தைத் திருத்த வேண்டும் என்று அமைச்சரவைக்கு மசோதா நிறைவேறிய பிறகு தெரியவரலாம்; அப்போது ஆளுநரைக் கொண்டு மசோதாவை நிறுத்தி, செய்தியோடு கீழவைக்குத் திருப்பலாம். அவசரப்பட்டுச் செய்ததைச் சரிசெய்யவும், அவைக்கு வெளியே எழும் மக்கள் கருத்துக்கு இணங்கவும் அமைச்சரவைக்குக் கொடுக்கப்பட்ட வழி இது என்பதே அவர் பேச்சின் சாரம்.

நவம்பர் கருத்துரையின் வாசிப்பை இந்தப் பேச்சின் அருகே வைத்துப் பார்க்க வேண்டும். அந்த வாசிப்புக்கு ஆதரவாக அடிக்கடி சொல்லப்படும் வாதம் எளிமையானது: தானே கொண்டுவந்து நிறைவேற்றிய மசோதாவைத் திருப்பி அனுப்புங்கள் என்று எந்த அமைச்சரவை ஆளுநரிடம் சொல்லும்? சொல்லாது, ஆகவே ‘திருப்பி அனுப்பலாம்’ என்ற அதிகாரத்துக்கு உயிர் இருக்க வேண்டுமானால் அது ஆளுநருடையதாகத்தான் இருக்க முடியும். கேட்டதும் ஒப்புக்கொள்ளத் தோன்றும் வாதம். ஆனால் 1949-லேயே இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப்பட்டுவிட்டது. சொன்னவர் அந்த வரம்புரையை எழுதிய குழுவில் இருந்தவர்.

கிருஷ்ணமாச்சாரி சொன்ன சூழ்நிலை ஏட்டோடு நின்றுவிடவில்லை. தமிழ்நாடு பேரவை 2023 ஏப்ரல் 21 அன்று தொழிற்சாலைகள் சட்டத் திருத்த மசோதாவை நிறைவேற்றியது. அது 12 மணி நேர வேலைக்கு வழிதிறப்பது. தொழிற்சங்கங்களும் ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளுமே எதிர்த்து நின்றன. மூன்றே நாளில் அரசு அதை நிறுத்திவைத்தது. மே தினத்தன்று முதலமைச்சர் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். அவை நிறைவேற்றிய மசோதாவை அமைச்சரவையே பத்து நாளில் வேண்டாம் என்றது. அவைக்கு வெளியே எழும் மக்கள் கருத்து என்று 1949-இல் பேசப்பட்டது இதைத்தான்.

அமைச்சரவையே மாறிவிடும் நிலையும் உண்டு. கேரளத்தின் நிலச் சீர்திருத்த மசோதா ஈ.எம்.எஸ். ஆட்சியில் 1959-இல் நிறைவேறி, குடியரசுத் தலைவருக்காக ஒதுக்கப்பட்டது. ஆட்சி கலைக்கப்பட்டு, 1960-இல் புதிய பேரவை அமைந்த பின் மறுபரிசீலனைக்குத் திரும்பி வந்து, திருத்தங்களோடு நிறைவேறி, 1961 ஜனவரியில் ஒப்புதல் பெற்றது. பேரவை கலைந்தாலும் ஒப்புதலுக்குக் காத்திருக்கும் மசோதா காலாவதியாகாது என்று 1961 டிசம்பரில் புருஷோத்தமன் நம்பூதிரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இந்த மசோதாவை ஒட்டித்தான். மசோதா உயிரோடு இருக்க, அதைக் கொண்டுவந்த அமைச்சரவை போய் வேறொன்று வரலாம் என்றால், புதிய அமைச்சரவை அதைத் திருப்பச் சொல்வதில் விந்தை ஏதுமில்லை. தனிநபர் மசோதாக்களுக்கும் இது பொருந்தும்.

கருத்துரை தன் முடிவுக்கு இன்னொரு ஊன்றுகோலையும் கொண்டது: இரண்டாவது வரம்புரையில் வரும் ‘ஆளுநரின் கருத்தில்’ என்ற சொற்கள். உயர் நீதிமன்றத்தின் அதிகாரத்தைக் குலைக்கும் என்று ஆளுநர் கருதும் மசோதாவுக்கு அவர் ஒப்புதல் தரக் கூடாது, ஒதுக்கிவைக்க வேண்டும் என்கிறது அந்த வரம்புரை. இதன் பூர்விகம் வேறு. 1935 சட்டத்தின்கீழ் ஆளுநர்களுக்கு அரசர் வழங்கிய அறிவுறுத்தல் ஆவணத்தில் இப்படி ஒரு கட்டளை இருந்தது. அங்கிருந்து இறங்கி வந்தது இது. தேர்வுரிமை தரும் வாசகமாக அது எழுதப்படவில்லை. ஆளுநர்மீது ஒரு கடமையைச் சுமத்துகிறது. ஒரே ஒரு வகை மசோதாவுக்கு மட்டும் ஆளுநரின் சொந்தக் கருத்து கணக்கில் கொள்ளப்படும் என்று தனியே எழுதியிருக்கும்போது, எல்லா மசோதாவுக்கும் அப்படித்தான் என்று அதிலிருந்து எப்படிக் கொள்வது? மற்ற வகைகளுக்கு அது பொருந்தாது என்பதே இயல்பான வாசிப்பு.

விருப்புரிமை வேண்டிய இடத்தில் அரசமைப்பு அதை வாய்விட்டே சொல்லியிருக்கிறது. ஆறாவது அட்டவணையில் கனிமப் பங்குத்தொகைத் தகராறை ஆளுநர் தம் விருப்புரிமைப்படி தீர்க்கலாம் என்று இருக்கிறது. பிற்பாடு நாகாலாந்துக்காகச் சேர்த்த 371ஏ பிரிவு, சட்டம் ஒழுங்கில் அவர் தனித் தீர்ப்பைப் பயன்படுத்தலாம் என்கிறது. 163-வது பிரிவில் விருப்புரிமை என்ற பொதுச்சொல் இருக்கிறதே என்று கேட்கலாம். 1949 ஜூன் 1 அன்று சபை உறுப்பினர் எச்.வி. காமத் அதை நீக்கச் சொன்னபோது அம்பேத்கர் மறுத்தார். ஆனால் மறுத்த விதம் முக்கியம்: இது குறுகிய வாசகம், ஆளுநருக்கு அதிகாரத்தைக் குறிப்பாக ஒதுக்கும் பிற பிரிவுகளோடு சேர்த்தே படிக்க வேண்டும், நினைத்தபோதெல்லாம் அமைச்சர்களின் ஆலோசனையைத் தள்ளிவிடும் பொது அதிகாரம் இல்லை என்றார். அன்று வரைவில் அப்படிக் குறிப்பாக ஒதுக்கிய இடங்களில் 175-வது பிரிவின் வரம்புரையும், அவசர நிலை பற்றிய 188-வது பிரிவும் இருந்தன. முன்னது திருத்தப்பட்டது. பின்னது அதே ஆகஸ்டில் முற்றாக நீக்கப்பட்டது. 163 மட்டும் பழைய வாசகத்தோடு தங்கிவிட்டது.

ஒரு விஷயத்தில் நவம்பர் கருத்துரைக்கு வரலாறு துணைநிற்கிறது. குடியரசுத் தலைவர் மசோதாவைத் திருப்பி அனுப்ப ஆறு வாரக் கெடு ஒன்று வரைவில் இருந்தது. 1949 மே மாதம் அதை எடுத்துவிட்டு ‘கூடிய விரைவில்’ என்று மாற்றினார்கள், காமத் ஆட்சேபித்தும். ஆளுநருக்கான வரம்புரையும் அதே சொல்லை ஏற்றது. நாள் எண்ணி நீதிமன்றம் கெடு விதிக்க முடியாது என்ற முடிவை இந்த மாற்றம் தாங்குகிறது. விளக்கமில்லாத நீண்ட தாமதத்தில் ஆளுநரை முடிவெடுக்கச் சொல்லலாம் என்று கருத்துரை விட்டுவைத்த வழியும் ‘கூடிய விரைவில்’ என்பதற்கு முரணில்லை. ஆனால் கெடு இல்லாமை ஒன்று, விருப்புரிமை மற்றொன்று. அமைச்சரவையின் ஆலோசனைக்குக் கட்டுப்பட்டவர் தாமதிக்கக் காரணமே குறைவு. விருப்புரிமை உள்ளவருக்கோ காரணத்துக்குப் பஞ்சமிராது. 2020 முதல் அனுப்பிய மசோதாக்களில் பத்துக்கு 2023 நவம்பர் 13 அன்றுதான் தமிழ்நாடு ஆளுநர் ஒப்புதலை நிறுத்திவைத்தார் என்பதும், பேரவை 18-ஆம் தேதி அவற்றை மீண்டும் நிறைவேற்றியதும், மாத முடிவுக்குள் அவை டெல்லிக்கு ஒதுக்கப்பட்டதும் இந்த வேறுபாட்டின் நடைமுறைப் பொருள்.

தீராத பகுதி ஒதுக்கிவைப்பு. அம்பேத்கரின் விளக்கமும் கிருஷ்ணமாச்சாரியின் விளக்கமும் திருப்பி அனுப்புவதைப் பற்றியவை. குடியரசுத் தலைவருக்கு ஒதுக்குவதைப் பற்றி அதே தெளிவோடு அங்கே எதுவும் சொல்லப்படவில்லை. 2019-இல் பி.கே. பவித்ரா வழக்கில் ஒதுக்கிவைப்பில் விருப்புரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் கொண்டதற்கும், 1988-இல் சர்க்காரியா ஆணையம் அரசமைப்புக்கு வெளிப்படையாக முரணான அரிதான மசோதாக்களுக்கு மட்டும் அதை ஏற்றதற்கும் இந்த இடைவெளி இடம் தருகிறது. 1948 வரைவின் தாய்ப்பகுதியில் விருப்புரிமைச் சொற்கள் இல்லாதது எதிர்த்திசையில் பேசுகிறது. அது வலுவான குறிப்பு, முடிவான சான்றாகாது. வரைவில் இருந்த ஆளுநர்களுக்கான அறிவுறுத்தல் அட்டவணை 1949 அக்டோபரில் கைவிடப்பட்டபோது அதில் எது பிரிவுகளுக்குள் ஏறியது, எது வேண்டுமென்றே விடப்பட்டது என்று வரிக்கு வரி ஒப்பிட்ட பிறகே இதில் மேலே செல்ல முடியும். திருப்பி அனுப்புவதையும் ஒதுக்கிவைப்பதையும் நவம்பர் கருத்துரை ஒரே விருப்புரிமைக்குள் அடக்கியது. 1949-இன் பதிவு முதலாவதை மறுக்கிறது. இரண்டாவதை இன்னும் திறந்தே வைத்திருக்கிறது.