இரண்டு முறை ஓய்வு பெற்றவர்! – கிமிகோ டாட்டேயின் டென்னிஸ் வாழ்க்கை

டென்னிஸ் வீராங்கனை ஒருவருக்கு முப்பது வயது நெருங்கினாலே போதும், "எப்போது ஓய்வு?" என்று பத்திரிகையாளர்கள் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். ஜப்பானைச் சேர்ந்த கிமிகோ டாட்டேயின் கதையோ தலைகீழ். உலகின் முதல் பத்து வீராங்கனைகளில் ஒருவராக இருந்தபோதே, 26 வயதில் மட்டையைக் கீழே வைத்துவிட்டார். ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 37 வயதில் அதை மீண்டும் கையில் எடுத்தார். அதன்பின் 46 வயது வரை ஆடினார்!

நன்றாக ஆடிய காலத்தில் ஏன் விலகினார்? உடம்பு ஒத்துழைக்காத வயதில் ஏன் திரும்பி வந்தார்? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடினால் அவருடைய வாழ்க்கை முழுவதும் புரிந்துவிடும்.

கியோட்டோ சிறுமி

கிமிகோ டாட்டே 1970-ஆம் ஆண்டு செப்டம்பர் 28-ஆம் தேதி ஜப்பானின் பழைய தலைநகரான கியோட்டோவில் பிறந்தார். ஆறு வயதில் டென்னிஸ் ஆடத் தொடங்கினார். இயல்பில் அவர் இடதுகைக்காரர். ஆனால் அந்தக் கால ஜப்பானியக் குடும்பங்களில் பிள்ளைகளை வலது கைக்குப் பழக்குவது வழக்கம். எனவே டென்னிஸ் மட்டையையும் வலது கையில்தான் பிடித்தார். (நம் ஊரிலும் இடது கையால் எழுதும் பிள்ளைகளை அதட்டி மாற்றிய காலம் உண்டல்லவா!)

பள்ளியின் கடைசி ஆண்டான 1988-இல் அகில ஜப்பான் உயர்நிலைப் பள்ளிகளுக்கான போட்டியில் ஒற்றையர், இரட்டையர், குழு என மூன்று பட்டங்களையும் வென்றார். அடுத்த ஆண்டே தொழில்முறை வீராங்கனை ஆனார். 1990 ஆஸ்திரேலிய ஓப்பனில் நான்காவது சுற்று வரை முன்னேறினார். 1991-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தகுதிச்சுற்று ஆடி உள்ளே வந்தவர், அரையிறுதியில் அர்ஜென்டினாவின் கேப்ரியேலா சபாட்டினியை வீழ்த்திவிட்டு இறுதி ஆட்டம் வரை சென்றார். அங்கே மோனிகா செலஸிடம் தோற்றாலும், யார் இந்தப் பெண் என்று டென்னிஸ் உலகம் திரும்பிப் பார்த்தது.

பந்து எழும்போதே அடி!

அவர் உயரம் 163 சென்டிமீட்டர்தான். சர்வீஸில் இடி முழக்கம் எதுவும் கிடையாது. பிறகு எப்படி ஆறடி உயர ஐரோப்பிய, அமெரிக்க வீராங்கனைகளை வென்றார்?

ரகசியம் நேரத்தில் இருந்தது. பெரும்பாலான ஆட்டக்காரர்கள் பந்து தரையில் பட்டு, முழு உயரத்துக்கு எழுந்து, பிறகு இறங்கும்போது அடிப்பார்கள். டாட்டே அவ்வளவு நேரம் காத்திருக்க மாட்டார். பந்து தரையில் பட்டு எழும்பும்போதே, சுழற்சி அதிகம் கொடுக்காமல் தட்டையாக அடித்துவிடுவார். இதனால் இரண்டு லாபம். எதிராளி அடித்த வேகமே திரும்பப் போகும் பந்துக்கும் கிடைத்துவிடும், சொந்த பலம் அதிகம் தேவையில்லை. எதிராளிக்கோ தன் இடத்துக்குத் திரும்பி வர நேரம் இருக்காது. ஆனால் இது கத்தி மேல் நடக்கும் ஆட்டம். கண்ணும் காலும் ஒரு நொடி பிசகினால் பந்து வலையில்தான் விழும்.

இந்த ஆட்டமுறையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு நாற்பது வயதில் அவரைக் காப்பாற்றியது இதுதான்.

1994 ஜனவரியில் சிட்னி பட்டத்தை வென்றார். அதே மாதம் ஆஸ்திரேலிய ஓப்பனில் அரையிறுதிக்கு முன்னேறினார். அந்த ஆண்டே ஒற்றையர் தரவரிசையில் முதல் பத்து இடங்களுக்குள் நுழைந்த முதல் ஜப்பானிய வீராங்கனை என்ற பெருமை அவருக்குக் கிடைத்தது. 1995-இல் டோக்கியோவில் பான் பசிபிக் பட்டம், பிரெஞ்சு ஓப்பனில் அரையிறுதி, நவம்பரில் உலகின் 4-ஆம் இடம் என்று வரிசையாக ஏறினார்.

1996 – உச்சமும் ஓய்வும்

1996 ஏப்ரலில் டோக்கியோவின் அரியாகே அரங்கில் ஃபெட் கோப்பைப் போட்டி. எதிரணி ஜெர்மனி. எதிரே நின்றவர் தரவரிசையின் உச்சியில் இருந்த ஸ்டெபி கிராப். அதுவரை ஸ்டெபியை டாட்டே ஒருமுறைகூட வென்றதில்லை. மூன்று மணி நேரத்துக்கும் மேல் நீடித்த அந்த ஆட்டத்தை 7-6, 3-6, 12-10 என்று டாட்டே வென்றார். ஜப்பான் ஜெர்மனியைத் தோற்கடித்தது.

மூன்று மாதம் கழித்து விம்பிள்டன் அரையிறுதியில் அதே இருவரும் மோதினார்கள். முதல் செட்டை ஸ்டெபி 6-2 என எடுத்தார். இரண்டாவது செட்டை டாட்டே அதே 6-2 கணக்கில் திருப்பிக் கொடுத்தார். ஆட்டத்தின் போக்கு அவர் பக்கம் சாய்ந்திருந்த நேரத்தில் இருட்டிவிட்டது! ஆட்டம் மறுநாளைக்குத் தள்ளிவைக்கப்பட்டது. காலையில் தெளிந்து வந்த ஸ்டெபி மூன்றாவது செட்டை 6-3 என வென்று இறுதிக்குச் சென்றார். கூட்டத்திலிருந்து ஒரு ரசிகர் "ஸ்டெபி, என்னைக் கல்யாணம் செய்துகொள்வாயா?" என்று கத்த, "உன்னிடம் எவ்வளவு பணம் இருக்கிறது?" என்று ஸ்டெபி கேட்டு அரங்கையே சிரிக்க வைத்தது இந்த ஆட்டத்தில்தான். அந்தச் சிரிப்பைப் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எதிர்ப்புறம் நின்றவர் யார் என்பது மறந்துவிட்டது.

அடுத்த மாதமே சான் டியாகோ இறுதியில் அரான்சா சாஞ்சஸ் விகாரியோவை வென்று பட்டம் பெற்றார். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. ஆனால் செப்டம்பரில் ஓய்வை அறிவித்தார். நவம்பரில் நியூயார்க்கில் ஆண்டு இறுதிப் போட்டியை ஆடிவிட்டு விலகிக்கொண்டார்.

காயம் காரணமில்லை, தோல்வியும் காரணமில்லை. ஊர் ஊராக, நாடு நாடாகச் சுற்றும் வாழ்க்கை அவருக்கு ஒட்டவே இல்லை. வெளிநாடு போனால் வீட்டு ஏக்கம். ஜப்பானுக்குத் திரும்பினால் ஒரு நாட்டின் எதிர்பார்ப்பு முழுவதும் ஒருவர் தோளில். தோற்றால் கேள்வி, வென்றால் அடுத்தது எப்போது என்ற கேள்வி. டென்னிஸ் அவருக்குச் சுமையாகிவிட்டது. உலகமே கைதட்டும் ஒன்றை, தனக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக விட்டுவிடுவதற்கும் ஒரு தைரியம் வேண்டும்.

பன்னிரண்டு ஆண்டுகள்

இடைப்பட்ட காலத்தில் அவர் சிறுவர்களுக்கு டென்னிஸ் கற்றுக்கொடுத்தார். 2001 டிசம்பரில் ஜெர்மன் கார் பந்தய வீரர் மைக்கேல் க்ரூமை மணந்தார். அதிலிருந்து பல ஆண்டுகள் பத்திரிகைகளில் அவர் பெயர் 'டாட்டே-க்ரூம்'. 2004-இல் லண்டன் மாரத்தானை ஏறக்குறைய மூன்றரை மணி நேரத்தில் ஓடி முடித்தார். மட்டையை விட்டாரே தவிர, உடம்பை விடவில்லை!

2008 மார்ச்சில் டோக்கியோவில் ஒரு காட்சிப் போட்டி. ஸ்டெபி கிராப், மார்ட்டினா நவரத்திலோவா ஆகியோருடன் டாட்டேயும் ஆடினார். அதற்காக மீண்டும் தீவிரமாகப் பயிற்சி எடுத்தபோதுதான் உள்ளே அணையாமல் கிடந்த நெருப்பு அவருக்கே தெரிந்தது. கணவரும் ஊக்கப்படுத்தினார். ஏப்ரலில் மறுவருகையை அறிவித்தார். ஜப்பானின் இளம் வீராங்கனைகளுக்கு ஒரு தூண்டுதலாக இருக்க வேண்டும் என்பதே தன் நோக்கம் என்றார். பலரும் இதை ஒரு விளம்பர வேடிக்கையாகத்தான் நினைத்திருப்பார்கள்.

மீண்டும் அடிப்படியிலிருந்து

ஒருகாலத்தில் உலகின் நான்காம் நிலையில் இருந்தவர், கிஃபு நகரில் நடந்த ஒரு சிறிய போட்டியின் தகுதிச்சுற்றிலிருந்து தொடங்கினார். அங்கே ஒற்றையர் இறுதி வரை சென்று தாய்லாந்தின் தமரின் தனசுகர்னிடம் தோற்றார். இளம் வீராங்கனை குருமி நாராவுடன் சேர்ந்து இரட்டையர் பட்டத்தை வென்றார். அந்த ஆண்டின் இறுதியில் அகில ஜப்பான் சாம்பியன்ஷிப்பில் ஒற்றையர், இரட்டையர் இரண்டும் அவருக்கே! 2009 ஜனவரியில் தகுதிச்சுற்றைக் கடந்து ஆஸ்திரேலிய ஓப்பனுக்குள் நுழைந்தார்.

பிறகு வந்தது சியோல். 2009 செப்டம்பர் 27, அவருடைய 39-வது பிறந்தநாளுக்கு முந்தைய நாள். முந்தைய ஆண்டின் சாம்பியன் மரியா கிரிலென்கோவை அரையிறுதியில் வென்றவர், இறுதியில் ஸ்பெயினின் அனபெல் மெதினா கரிகஸை 6-3, 6-3 என வீழ்த்தினார். முந்தைய பட்டத்துக்கும் இதற்கும் இடையே 13 ஆண்டுகள்! மகளிர் டென்னிஸ் சங்கத்தின் ஒற்றையர் பட்டத்தை வென்றவர்களில் பில்லி ஜீன் கிங்குக்கு அடுத்து அதிக வயதானவர் அப்போது அவர்தான்.

2010 பிரெஞ்சு ஓப்பனில் முன்னாள் முதல் நிலை வீராங்கனை தினாரா சஃபினாவை வென்றார். அதே ஆண்டு செப்டம்பர் 27 அன்று டோக்கியோவில் மரியா ஷரபோவாவை வென்றார். மறுநாள் அவருக்கு 40 வயது. அக்டோபரில் ஒசாகாவில் முதல் பத்து நிலைக்குள் இருந்த சமந்தா ஸ்டோசரை வென்று, இறுதியில் பழைய எதிராளி தனசுகர்னிடம் தோற்றார்.

இது எப்படிச் சாத்தியமானது? அவர் இல்லாத காலத்தில் டென்னிஸ் மாறியிருந்தது. புதிய வகை நரம்புகள் கட்டிய மட்டைகளால் பந்தின் வேகமும் சுழற்சியும் கூடியிருந்தன. ஆனால் டாட்டேயின் ஆட்டமே எதிராளியின் வேகத்தைக் கடன் வாங்கி ஆடுவது. எதிரே உள்ளவர் பலமாக அடிக்க அடிக்க, அவருடைய பந்தும் வேகமாகத் திரும்பிப் போனது. வயது கால்களைத்தான் மெதுவாக்கியது. ஒரு நீண்ட ஆட்டம் முடிந்தால் மறுநாள் உடம்பு எழுந்திருக்க மறுத்தது. கண்ணும் கையும் மட்டும் எதையும் மறக்கவில்லை.

கூரையின் கீழ் ஒரு மாலை

2011 விம்பிள்டன் இரண்டாவது சுற்று. மழையால் கூரை மூடப்பட்ட சென்டர் கோர்ட்டில் எதிரே வீனஸ் வில்லியம்ஸ். டாட்டே தொழில்முறைக்கு வந்த 1989 மார்ச்சில் வீனசுக்கு ஒன்பது வயதுகூட ஆகியிருக்கவில்லை! முதல் செட்டை டாட்டே 7-6 என எடுத்தார். சர்வீஸ் போட்டுவிட்டு வலையை நோக்கி ஓடும், யாரும் அப்போது அதிகம் ஆடாத பழைய பாணியையும் துணிந்து ஆடினார். ஏறத்தாழ மூன்று மணி நேரம் கழித்து 6-7, 6-3, 8-6 என வீனஸ் தப்பித்தார். வென்றவருக்குக் கிடைத்த கைதட்டலுக்குக் குறையாமல் தோற்றவருக்கும் கிடைத்தது.

2013 ஆஸ்திரேலிய ஓப்பனில் 12-ஆம் நிலை நதியா பெத்ரோவாவை 6-2, 6-0 என வென்றபோது டாட்டேக்கு வயது 42. அதே ஆண்டு விம்பிள்டன் முதல் சுற்றில் அவர் வென்ற ஜெர்மன் வீராங்கனைக்கு வயது 18. டாட்டே முதல் பத்துக்குள் நுழைந்தபோது அந்தப் பெண் பிறக்கவே இல்லை. மூன்றாவது சுற்றில் செரீனா வில்லியம்ஸிடம் தோற்றார். 2014 அமெரிக்க ஓப்பன் இரட்டையரில் பார்போரா ஸ்திரிகோவாவுடன் அரையிறுதி வரை சென்றார்.

கடைசி ஆட்டம்

2016-இல் இடது முழங்காலில் அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. 45 வயதில் இந்த நிலை வந்தால் யாராக இருந்தாலும் போதும் என்றிருப்பார்கள். அவர் மீண்டும் பயிற்சி செய்து, 2017 மே மாதம் அதே கிஃபுவில் களமிறங்கினார். ஆனால் முழங்காலும் தோளும் இடம் கொடுக்கவில்லை. ஆகஸ்டில் இரண்டாவது முறையாக ஓய்வை அறிவித்தார்.

2017 செப்டம்பர் 12. ஸ்டெபியை வென்ற அதே அரியாகே டென்னிஸ் பூங்கா. ஜப்பான் மகளிர் ஓப்பன் முதல் சுற்றில் செர்பியாவின் அலெக்சாண்ட்ரா க்ருனிச்சிடம் 6-0, 6-0 எனத் தோற்றார். ஒரு கேம்கூட எடுக்க முடியவில்லை.

கணக்குப் பார்த்தால் முதல் பயணத்தில் 7 ஒற்றையர் பட்டங்கள், இரண்டாவதில் ஒன்றே ஒன்று. இரண்டாவது பயணத்தில் கிராண்ட்ஸ்லாம் போட்டிகளில் பெரும்பாலும் முதல் சுற்றோடு வெளியேறினார். அப்படியானால் அந்த ஒன்பது ஆண்டுகள் வீணா? முதல் முறை விலகியபோது அவரிடம் திறமை இருந்தது, ஆசை தீர்ந்திருந்தது. இரண்டாவது முறை விலகியபோது ஆசை இருந்தது, உடம்புதான் தீர்ந்திருந்தது. 26 வயதில் அவர் டென்னிஸை விட்டார். 46 வயதில் டென்னிஸ்தான் அவரை விட்டது. நடுவில் அவர் ஆடியது பட்டங்களுக்காக மட்டுமல்ல, இளமையில் ரசிக்காமல் விட்டதை ரசிப்பதற்காகவும்தான். அந்த 6-0, 6-0 என்ற எண்களை இப்படிப் பார்த்தால் அவமானமாகத் தெரியாது. கடைசிச் சொட்டு வரை பிழிந்தெடுத்துவிட்டார் என்பதற்கான ரசீது அது.

கதை அதோடும் முடியவில்லை. ஓய்வுக்குப் பின் வாசெதா பல்கலைக்கழகத்தில் முதுகலை மாணவியாகச் சேர்ந்தார். ஜப்பானில் பரவலாக உள்ள, மணல் நிரப்பிய செயற்கைப் புல் ஆடுகளங்களுக்கும் உலக அளவில் ஜப்பானியர் காட்டும் திறனுக்கும் உள்ள தொடர்பே அவருடைய ஆய்வுப் பொருள். உலகப் போட்டிகள் நடப்பதோ கடினத்தரையிலும் களிமண்ணிலும். பழகும் தரை ஒன்று, போட்டியிடும் தரை வேறு என்றால் பிள்ளைகள் எப்படித் தேறுவார்கள்?

ஐம்பதை நெருங்கும் வயதில் புத்தகப் பையைத் தூக்கியவருக்கு இது மூன்றாவது இன்னிங்ஸ்!