பழைய டிராக்டருக்கு ரீபோரா, வேறு இன்ஜினா? வரலாறு சொல்லும் பதில்

பழைய டிராக்டர் புகை கக்க ஆரம்பித்ததும் எந்த நாட்டு விவசாயிக்கும் வருகிற கேள்வி ஒன்றுதான். இருக்கிற இன்ஜினைப் பிரித்து ரீபோர் அடித்து, பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் மாற்றி ஓட்டுவதா? இல்லை, அதைக் கழற்றிப் போட்டுவிட்டு வேறு இன்ஜின் ஏற்றுவதா? கேட்க என்னவோ பட்டறை விவகாரம் மாதிரிதான் இருக்கும். ஆனால் இதற்குப் பின்னால் நூறு வருட வரலாறு இருக்கிறது நண்பர்களே.

லாரியை எடுத்துக்கொள்ளுங்கள். சேஸிஸ் மேல் இன்ஜின் உட்கார்ந்திருக்கிறது. அதை இறக்கினாலும் லாரி நாலு சக்கரத்தில் நிற்கும். 1917ல் ஹென்றி போர்டு கொண்டுவந்த போர்ட்சன் டிராக்டரில் சேஸிஸே கிடையாது. இன்ஜின், கியர் பாக்ஸ், பின் ஆக்சில் மூன்றின் வார்ப்பிரும்புக் கூடுகளையும் போல்ட் போட்டு ஒன்றாக இணைத்துவிட்டார்கள். முன் ஆக்சில் இன்ஜின் பக்கத்தோடு மாட்டியிருக்கும். செலவு குறைந்தது, விலை குறைந்தது, மற்ற கம்பெனிகளும் பின்பற்றின. ஆனால் விளைவு என்ன? இன்ஜினைக் கழற்றினால் டிராக்டரே இரண்டு துண்டு! வேறு இன்ஜின் ஏற்றுவது என்றால் முதுகெலும்பையே மாற்றுகிற வேலை.

அப்படியும் மாற்றினார்கள். ஏன்?

இங்கிலாந்தில் டாகன்ஹாம் தொழிற்சாலையிலிருந்து 1945ல் போர்ட்சன் மேஜர் (இ27என்) வந்தது. பழைய மாடலின் பின் ஆக்சிலைத் தூக்கிவிட்டு உறுதியான புதிய பின்பக்கம் கொடுத்தார்கள். முன்னால் இருந்த இன்ஜின் மட்டும் 1917ன் வாரிசு. பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடான பிறகு மண்ணெண்ணெய் போன்ற மலிவான எண்ணெய்க்கு மாற்ற வேண்டும். சரியாக எரியாத எண்ணெய் ரிங்கைத் தாண்டி சம்ப்பில் இறங்கும். இன்ஜின் ஆயில் நீர்த்துப்போகும், பேரிங் தேயும். ரீபோர் செய்தால் இன்ஜின் புதிதாகும், உண்மைதான். ஆனால் அதே எண்ணெய், அதே தேய்மானம், அதே 30 குதிரைத்திறன் அளவு சக்தி. கோளாறு இன்ஜினின் வயதில் இல்லை, அது ஓடுகிற விதத்திலேயே இருந்தது.

இங்கேதான் பெர்கின்ஸ் வருகிறது. பிராங்க் பெர்கின்ஸ் 1932ல் பீட்டர்பரோ நகரில் தொடங்கிய டீசல் இன்ஜின் கம்பெனி இது. அதன் ஆறு சிலிண்டர் பி6 இன்ஜின் 1937ல் வந்தது. 1948 முதல் போர்டு கம்பெனியே பி6 பொருத்திய மேஜரை விற்றது. சக்தி சுமார் 45 குதிரைத்திறன். பின்பக்கம் ஏற்கனவே பலமாக இருந்ததால் இந்தக் கூட்டணி நின்றது. 1952ல் விற்பனைக்கு வந்த அடுத்த மேஜருக்கு போர்டு சொந்தமாகவே டீசல் இன்ஜின் செய்துவிட்டது.

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே 1947 முதல் 1952 வரை வந்த போர்டு 8என் டிராக்டருக்கு சுமார் 25 குதிரைத்திறன்தான். கான்சஸ் மாநிலத்தின் காபிவில் ஊரில் குட்டி விமானம் செய்துகொண்டிருந்த பங்க் சகோதரர்கள், இதற்கு ஆறு சிலிண்டர், வி8 இன்ஜின்களை ஏற்றும் கிட் விற்றார்கள். வி8 போட்டால் சக்தி கிட்டத்தட்ட நான்கு மடங்கு! ஆனால் கியர் பாக்ஸும் பின் ஆக்சிலும் அதே 25 குதிரைத்திறனுக்குச் செய்தவை. முழுச் சக்தியையும் உழவில் காட்டினால் பல் உடைவது கியருக்குத்தான். இன்று அப்படிப்பட்ட வண்டிகளைச் சேகரிப்பாளர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். சாதாரண 8என் வைத்திருப்பவரோ ரீபோர் பக்கமே போக வேண்டியதில்லை. அதன் சிலிண்டரில் ஸ்லீவ் இருக்கிறது. பழையதை உருவிப் புதியதைப் போட்டால் போதும். 5 லட்சத்துக்கும் மேல் தயாரான வண்டி என்பதால் உதிரி பாகம் இன்னும் கிடைக்கிறது.

மூன்றாவது கதையில் மாற்றியது கம்பெனியே. மாஸி பெர்குசன் 35 டிராக்டரில் முதலில் இருந்தது ஸ்டாண்டர்டு கம்பெனியின் நான்கு சிலிண்டர் டீசல் இன்ஜின். குளிரில் ஸ்டார்ட் ஆக மறுப்பதில் பேர்போனது. 1959ல் மாஸி பெர்குசன் பெர்கின்ஸையே விலைக்கு வாங்கி, அதே வருடம் அதன் மூன்று சிலிண்டர் இன்ஜினை 35ல் வைத்தது. நம்ம ஊருக்கும் இதில் பங்கு உண்டு. பெர்கின்ஸ் உரிமத்தில் டீசல் இன்ஜின் செய்த சென்னை சிம்ப்சனும், 1960ல் தொடங்கி மாஸி பெர்குசன் டிராக்டர் செய்த டாபேயும் ஒரே குழுமத்துக் கம்பெனிகள்.

சரி, இதிலிருந்து என்ன தெரிகிறது? தேய்மானம் மட்டும்தான் பிரச்சினை என்றால், உதிரி பாகமும் கிடைக்கிறது என்றால், பழைய இன்ஜினையே பிரித்துச் செய்வதுதான் லாபம். எரிபொருளோ வடிவமைப்போ காலாவதியாகி, பின்பக்கம் தாங்கும் என்று தெரிந்தால் மாற்றலாம். வெறும் சக்தி ஆசைக்காக மாற்றினால் அடுத்த செலவு கியர் பாக்ஸில் காத்திருக்கும். கடன் வாங்கி வேலை செய்யப்போகிற விவசாயி முதலில் பார்க்க வேண்டியது இன்ஜினை இல்லை, அதற்குப் பின்னால் போல்ட் போட்டு மாட்டியிருப்பதை.